குப்புறப் படுத்துக் கேட்ட காதல் கதை

கண்ணில் விழித்திரை விலகி ஆபரேஷனுக்குப் போகிறவர்கள் என்னிடம் யோசனை கேட்டால் நான் ஒன்றுதான் சொல்வேன். சோப்பு, சீப்பு, மாற்றுத்துணி எதை மறந்தாலும் பரவாயில்லை, எல்லாம் ஆஸ்பத்திரி வாசலிலேயே கிடைக்கும். நல்ல கதைப் புத்தகம் ஒன்றும், அதைப் படித்துச் சொல்ல ஒரு ஆளும் மட்டும் கையோடு இருக்க வேண்டும். எனக்கு இரண்டும் வாய்த்தன. அந்த ஆள் எப்படிப் படித்தார் என்பதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

பெங்களூரில் மெட்ரோ வேலை தொடங்குவதற்கு முந்தைய ஆண்டுகள் அவை. காக்ஸ் டவுனில் ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். வீடு மல்லேஸ்வரத்தில். எனக்கு இடது கண் பிறந்ததிலிருந்தே சோம்பேறி. வெளிச்சம் தெரியும், ஆள் நிற்பது தெரியும், எழுத்து தெரியாது. படிப்பது, எழுதுவது, ஊசி கோர்ப்பது, கரும்பலகையைப் பார்ப்பது எல்லாமே வலது கண்ணின் வேலை. அந்த வலது கண்ணில்தான் கோளாறு வந்தது.

முதலில் ஓரத்தில் மின்னல் மாதிரி வெட்டியது. பிறகு பரீட்சைத் தாள் திருத்தும்போது தாளெங்கும் கறுப்புப் புள்ளிகள். பிள்ளைகள் மை தெளித்துவிட்டார்கள் என்று நினைத்து இரண்டு தாளில் மதிப்பெண்ணைக்கூடக் குறைத்தேன். இரண்டு நாள் கழித்துக் காலையில் காபி ஆற்றும்போது, கண்ணின் ஒரு பக்கத்திலிருந்து கறுப்புத் திரை ஒன்று நடுவை நோக்கி நகர்ந்து வந்தது. கண்ணைக் கசக்கினேன், போகவில்லை. இவரிடம், என் வீட்டுக்காரரிடம், சொன்னேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரை வெளியே எடுத்தார்.

இவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மூன்று தலைமுறையாக இந்த ஊரிலேயே இருந்து, மாநில அரசு வேலையே பார்த்த குடும்பம். இவரும் அரசாங்கக் கணக்குகளைத் தணிக்கை செய்கிறவர். ஆபீசில் கன்னடம், வீட்டில் தமிழ், இரண்டிலும் அளந்துதான் பேசுவார். நான் ஆம்பூர்க்காரி, வாயை மூடுவது தூங்கும்போது மட்டும்தான். எங்கள் கல்யாணத்தைப் பேசி முடித்தவர்களை இன்றுவரை இரண்டு வீட்டாரும் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்று நான் கிண்டல் செய்வதுண்டு. அதற்கும் இவர் லேசாகச் சிரிப்பதோடு சரி.

கண் ஆஸ்பத்திரியில் காத்திருக்கும் கூடம் ஒரு விசித்திரமான இடம். கண்மணியை விரிக்கச் சொட்டுமருந்து விட்டுவிடுவார்கள். முதலில் எரியும், பிறகு கிட்டத்தில் இருப்பதெல்லாம் கலங்கிப் போகும். எல்லோரும் கண்ணை மூடி, தலையைச் சாய்த்து வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். பெயரைக் கூப்பிட்டால் பக்கத்தில் இருப்பவர்தான் தட்டி எழுப்ப வேண்டும். என்னை இவர் தட்டி எழுப்பி, கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார். கல்யாணத்துக்குப் பிறகு நாலு பேர் பார்க்க இவர் என் கையைப் பிடித்தது அன்றைக்குத்தான்.

டாக்டர் இளவயதுக்காரர், பொறுமைசாலி. கண்ணின் பின்சுவரில் சினிமாத் திரை மாதிரி ஒட்டியிருப்பதுதான் விழித்திரை, அதில்தான் உலகம் படமாக விழுகிறது, என் திரையில் கிழிசல் விழுந்து, அது வழியாக நீர் பின்னால் புகுந்து, திரை சுவரை விட்டுக் கழன்றுகொண்டிருக்கிறது என்றார். கண்ணுக்குள் இருக்கும் ஜெல்லி போன்ற பொருளை எடுத்துவிட்டு, கிழிசலை லேசரால் அடைத்து, உள்ளே வாயுக்குமிழ் ஒன்றை விடுவார்களாம். அந்தக் குமிழ்தான் திரையைச் சுவரோடு அழுத்தி ஒட்ட வைக்குமாம். குமிழ் எப்போதும் மேல்நோக்கித்தான் போகும் என்பதால், அது கண்ணின் பின்பக்கம் போய் அழுத்த வேண்டுமானால் நான் முகத்தைக் கீழே கவிழ்த்தே இருக்க வேண்டும். சாப்பிடும்போதும், தூங்கும்போதும், நடக்கும்போதும்.

படிக்க முடியுமா என்று கேட்டேன். முதலில் ஒட்டட்டும் என்றார். வேறு வார்த்தையில் திரும்பக் கேட்டேன். அதே பதில்தான் வந்தது. படிக்க முடியாத கணக்கு டீச்சரை எந்தப் பள்ளி வைத்துக்கொள்ளும்? அதைவிட, படிக்க முடியாத நான் வீட்டில் என்ன செய்வேன்? ரத்தம் எடுத்தார்கள், சர்க்கரை பார்த்தார்கள், நெஞ்சில் ஒயர்களை ஒட்டி இ.சி.ஜி. எடுத்தார்கள். எல்லாவற்றுக்கும் கையை நீட்டிக்கொண்டிருந்தேனே தவிர, மனம் வேறு ஒரு இடத்தில் கிடந்தது.

அது எங்கே கிடந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஜப்பான்காரர்களின் காமிக்ஸ் ஒன்றில். மாங்கா என்பார்கள். ஒருநாள் வகுப்பில் பெஞ்சுக்கு அடியில் ஒளித்து வைத்துப் படித்த ஒரு பெண்ணிடமிருந்து அதைப் பிடுங்கி வந்தேன். ஆசிரியர் அறையில் என்னதான் இருக்கிறது பார்ப்போம் என்று பிரித்தவள், அடுத்த வகுப்புக்கு மணி அடித்ததைக்கூடக் கேட்கவில்லை. மறுநாள் அந்தப் பெண்ணையே கூப்பிட்டு அடுத்த பாகம் எங்கே கிடைக்கும் என்று கேட்க வேண்டியதாயிற்று. மல்லேஸ்வரத்தில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் வாடகை நூலகத்தில்தான் கிடைக்கும் என்றாள்.

கதை என்று பார்த்தால் ஒன்றுமில்லை. ஜப்பானில் பள்ளிக்கூடத்தைப் பிள்ளைகளேதான் பெருக்கித் துடைக்க வேண்டும், அதற்கு இரண்டிரண்டு பேராக முறை போடுவார்கள். நாட்சுகோ என்று ஒரு பெண், ஓட்டப்பந்தயக்காரி, எப்போதும் கத்திப் பேசுவாள், அடுத்தவர் சாப்பாட்டில் கை வைப்பாள். கொய்ச்சி என்று ஒரு பையன், பென்சிலை ஒரே நீளத்துக்குச் சீவி அடுக்குகிறவன், ஒரு வாக்கியம் பேசினால் அடுத்த வாக்கியத்துக்கு நாம் பக்கத்தைத் திருப்ப வேண்டும். இந்த இரண்டு பேரையும் ஒரே முறையில் போட்டுவிடுகிறார்கள். எட்டு பாகமும் அவ்வளவுதான். அவள் வாளித் தண்ணீரைக் கொட்டுவாள், அவன் பேசாமல் துடைப்பான்.

ஆனால் அதை வரைந்தவர் இருக்கிறாரே, அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். நாட்சுகோ கோபித்துக்கொண்டு போன பிறகு ஒரு முழுப் பக்கத்தில் பேச்சே இருக்காது. ஜன்னல், தரை துடைத்துக் காயப்போட்ட துணி, கரும்பலகையின் மூலையில் பாதி அழிந்த அவள் பெயர். அந்தப் பாதியை அழிக்காமல் விட்டவன் கொய்ச்சி என்று நமக்கே புரியும். ஒருத்தி வாயாடி, ஒருவன் ஊமை என்றால் நம் ஆட்கள் ஊமையைப் பேச வைத்துத்தான் கதையை முடிப்பார்கள். இந்த ஓவியர் அப்படிச் செய்யவில்லை. கத்துகிறவள் கத்திக்கொண்டே, பேசாதவன் பேசாமலே நெருங்கிப் போகிறார்கள். இந்த வித்தை எனக்கு ஏன் அவ்வளவு பிடித்தது என்பதை விளக்க வேண்டியதில்லை.

எட்டாவது பாகம் சண்டையில் முடிந்திருந்தது. கொய்ச்சியின் குடும்பம் வடக்கே பனி கொட்டும் ஊருக்குப் போகப் போகிறது, அவன் அதை அவளிடம் சொல்லவில்லை. கோபத்தில் அவள் தன் நீளமுடியைக் காதுவரை வெட்டிக்கொண்டு வந்து நிற்பதோடு பாகம் முடியும். ஒன்பதாவதுதான் கடைசி. வந்ததும் எனக்குத்தான் முதலில் என்று நூலகக்காரரிடம் சொல்லி வைத்திருந்தேன். அது வந்த வாரம்தான் என் கண்ணில் திரை விழுந்தது.

ஆபரேஷனைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கண்ணைச் சுற்றி மரத்துப்போக ஊசி போட்டார்கள், உள்ளே டாக்டர் யாரோடோ கிரிக்கெட் பேசிக்கொண்டிருந்தார். கடினமெல்லாம் அதற்கு அப்புறம்தான். வலது கண்ணில் கட்டு. முகம் கீழே. இடது கண்ணுக்குக் கலங்கலாகத் தரை மட்டும் தெரியும். ஆட்களை நான் செருப்பை வைத்து அடையாளம் கண்டேன். வெள்ளைக் கான்வாஸ் என்றால் சிஸ்டர். பளபளக்கும் கறுப்பு என்றால் டாக்டர். பழுப்பு நிறத்தில், குதிகால் தேய்ந்து, துளி தூசி இல்லாமல் துடைத்திருந்தால் இவர். இட்லியைப் பிட்டு நான் குனிந்தவாக்கிலேயே சாப்பிட என் வாய்க்குக் கீழே நீட்டுவார். காபியை ஸ்ட்ரா போட்டுக் குடித்தேன். கழுத்து வலிக்கும்போது சொல்லாமலே பின்னங்கழுத்தில் கையை வைத்து அழுத்திவிடுவார்.

பக்கத்துக் கட்டிலில் ரத்தினம்மா. ஆனேக்கல்லில் ரோஜாத் தோட்டம் வைத்திருக்கிறவர், என் அம்மா வயது. அவருக்கும் அதே ஆபரேஷன், அவரும் குப்புற. முகம் பார்க்காமலே சிநேகமானோம். தமிழில் தொடங்கும் பேச்சு கன்னடத்தில் நுழைந்து தெலுங்கில் முடியும். மகன் பூவை மார்க்கெட்டில் போட்டுவிட்டுத்தான் வருவான், மற்ற நேரத்தில் அவருக்கும் நான்தான் துணை.

மறுநாள் சாயங்காலம் ஆபீசிலிருந்து வந்த இவர், நூலகத்திலிருந்து ஒன்பதாம் பாகம் எடுத்து வந்திருப்பதாகச் சொன்னார். நான் கேட்காமலே போய் வாங்கி வந்திருக்கிறார். நூலகக்காரர் எந்தப் புத்தகம் வந்தாலும் முதலில் பைண்டருக்கு அனுப்பிவிடுவார். நூறு கை மாறினாலும் தாங்க வேண்டுமே. பைண்டர் மெல்லிய அட்டையை உரித்து, ஓரங்களை நறுக்கி, கனத்த ரெக்ஸின் அட்டை போட்டுக் கொடுப்பார். உள்ளே முதல் தாளில் திருப்பித் தரும் தேதிச் சீட்டை ஒட்டுவார்கள். இந்தப் புத்தகத்துக்கும் அதெல்லாம் ஆகியிருந்தது.

இவர் அதுவரை ஒரு காமிக்ஸைக்கூடத் தொட்டதில்லை. ஆங்கிலத்தில் இருப்பதை மனசுக்குள் படித்து, ஃபைலில் குறிப்பு எழுதுகிற தோரணையில் தமிழில் சொல்லத் தொடங்கினார். முதல் படத்தில் இரண்டு ஜோடி ஷூ, பள்ளி வாசல் அலமாரியில். அடுத்து இரண்டு கைகள், கோர்த்தபடி. அடுத்து பேச்சு.

"பையன் சொல்றான், ஆமா, தினமும். பொண்ணு கேக்கறா, என்னை நெனச்சியா."

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. எடுத்த எடுப்பிலேயே சேர்ந்துவிட்டார்களே. கேள்விக்கு முன்னாலேயே பதில் வருவது கொஞ்சம் விநோதமாக இருந்தது. பக்கத்துக்குப் பக்கம் அப்படித்தான் வந்தது. எழுதியிருப்பதைத்தான் படிக்கிறேன் என்றார் இவர். எனக்கோ சட்டென்று ஒரு விளக்கம் பிடிபட்டது. எட்டு பாகம் பழகிய பிறகு இரண்டு பேரும் அவ்வளவு நெருங்கிவிட்டார்கள், அவள் கேட்குமுன்பே அவன் பதில் சொல்லிவிடுகிறான், என்ன ஒரு கலைஞன் என்று ரத்தினம்மாவுக்கு எடுத்துச் சொன்னேன். வகுப்பு எடுத்துப் பழகிய வாய்.

"அப்படித்தான் கண்ணு இருக்கும்," என்றார் ரத்தினம்மா. "எங்கூட்டுக்காரரும் நான் காசு கேக்கறதுக்கு முன்னாலயே இல்லைன்னுடுவாரு."

அடுத்த சில சாயங்காலங்கள் எங்கள் அறையில் அதுவே பொழுது. கட்டு மாற்ற வரும் சிஸ்டர்கூட ஒரு படம் கேட்டுவிட்டுத்தான் போவார். இவரும் மாறினார். முதல் நாள், "இதுல ஒண்ணும் இல்ல, மழை மட்டும்," என்று தள்ளிவிட்டுப் போனவர், மூன்றாம் நாள் அந்த மாதிரிப் படம் வந்தால் தானே கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, மெதுவாக, "மழை," என்றார். நான் முகத்தைத் தலையணைக்குள் புதைத்துச் சிரித்தேன், சந்தோஷத்தில்தான்.

ஆனால் கதை சரியாகப் போகவில்லை. சேர்ந்திருந்தவர்கள் பிரிந்தார்கள். கொய்ச்சி ரயிலில் இருந்தான். பிறகு பனி கொட்டும் ஊரில் தனியாக. பிறகு மறுபடியும் ரயில் நிலையம், அங்கே நாட்சுகோ வரவில்லை. அவள் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடைசியில் வகுப்பறை.

"ஒரு பெஞ்ச்," என்றார் இவர். "காலி. அவ்வளவுதான், முடிஞ்சுது. பின்னால பொருளடக்கம் இருக்கு, அது வேணாமில்ல?"

நான் அழுதேன். கண்ணில் கட்டோடு அழக்கூடாது என்று சிஸ்டர் அதட்டினார். நான் அந்தப் பெண்ணுக்காக மட்டும் அழவில்லை. இந்த இரண்டு பேரே ஒட்டவில்லை என்றால் என் கண்ணில் எது ஒட்டப்போகிறது என்று தோன்றிவிட்டது. கணக்கு டீச்சர் இப்படிச் சகுனம் பார்க்கலாமா என்று கேட்காதீர்கள், குப்புறப் படுத்தால் யாருக்கும் தோன்றும். ரத்தினம்மா அந்தப் பக்கமிருந்து அந்தப் பயலை ஏசித் தீர்த்தார். மறுநாள் அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். போகும்போதும் என் கட்டில் அருகே அவருடைய ரப்பர் செருப்பு வந்து நின்றது. "அந்தப் பய இப்படிப் பண்ணிட்டானே கண்ணு," என்றுவிட்டுப் போனார்.

நானும் வீட்டுக்கு வந்தேன். வீட்டிலும் குப்புறத்தான். கட்டு எடுத்த பிறகு வலது கண்ணில் வெறும் கலங்கல். நாளாக ஆக வாயு தானே கரையும், கரையக் கரையப் பார்வை மேலிருந்து கீழாகத் தெளியும் என்று சொல்லியிருந்தார்கள். அப்படியேதான் ஆனது. சொம்பில் நீர்மட்டம் இறங்குவதுபோல ஒரு கோடு தினமும் கொஞ்சம் இறங்கியது. கோட்டுக்கு மேலே தெளிவு, கீழே கலங்கல். முதலில் தெரிந்தது இவருடைய தலைமுடி. முன்னைவிட நரைத்திருந்தது. பிறகு நெற்றி. பிறகு ஒருநாள் காலையில் கண்கள், என்னையே பார்த்துக்கொண்டு. எதுவரை தெரியுது என்று கேட்டார். மூக்குவரை என்றேன். போதும் என்று சொல்லிவிட்டு ஆபீசுக்குக் கிளம்பினார், ஆனால் செருப்பு மாட்டும்போது கண்ணைத் துடைத்ததைப் பார்த்துவிட்டேன்.

எழுத்து தெரிந்த அன்று நான் எடுத்தது அந்த ஒன்பதாம் பாகத்தைத்தான். இவர் அதைத் திருப்பித் தராமல் புதுப்பித்துக்கொண்டே இருந்திருக்கிறார். அந்தக் காலி பெஞ்சை ஒருமுறை என் கண்ணால் பார்க்க வேண்டும் என்று கடைசிப் பக்கங்களைப் பிரித்தேன். நாட்சுகோவின் முடி காதளவில் இருந்தது, எட்டாம் பாகத்து முடிவில் இருந்த அதே முடி. முன்பக்கம் திருப்பினேன். தோள்வரை வளர்ந்திருந்தது. இன்னும் முன்பக்கம். முதுகுவரை. அந்தக் கோர்த்த கைகள் இருந்த பக்கத்தில் அவள் முடி காற்றில் பறந்தது.

முடி வளருமே தவிரக் குறையுமா? இவர் பேச்சையும் ரயிலையும் மழையையும் சொன்னார், முடியைச் சொல்லவில்லை. காதால் கேட்டு இதைக் கண்டுபிடித்திருக்கவே முடியாது. பார்த்த மாத்திரத்தில் கண் சொல்லிவிட்டது. புத்தகத்தைத் திருப்பிப் பிடித்து, இவர் பொருளடக்கம் என்று ஒதுக்கிய பக்கத்திலிருந்து வலமிருந்து இடமாகப் படித்தேன். காலி பெஞ்சில் தொடங்கியது. அவன் சொல்லாமல் போகிறான், அவள் ஸ்டேஷனுக்கு வரவில்லை, பனி, இரண்டு வருஷம், ரயில், பள்ளி வாசல். "என்னை நெனச்சியா?" "ஆமா, தினமும்." இரண்டு ஜோடி ஷூ.

ஜப்பானியப் புத்தகம் நமக்குக் கடைசிப் பக்கமாகத் தெரியும் இடத்தில்தான் தொடங்குமாம். முதல் எட்டு பாகத்தையும் நமக்குத் தோதாகத் திருப்பி அச்சடித்தவர்கள், கடைசி பாகத்தை மட்டும் ஜப்பானில் இருந்தபடியே விட்டுவிட்டார்கள். அதைச் சொல்லும் எச்சரிக்கை முதல் தாளில்தான் அச்சாகியிருந்தது. அதன்மேல்தான் தேதிச் சீட்டை ஒட்டியிருந்தார்கள். பைண்டர் தன் வேலையைச் சரியாகச் செய்தார், நூலகக்காரரும் செய்தார், இவரும் ஒரு வரி விடாமல் படித்தார். கேள்விக்கு முன் பதில் வருவதற்கு விளக்கம் கொடுத்த மேதை மட்டும் நான்.

சாயங்காலம் இவரிடம் காட்டினேன். புத்தகத்தை இப்படியும் அப்படியும் திருப்பி வெகுநேரம் பார்த்தார். சிரிப்பார் என்று காத்திருந்தேன்.

"பக்கத்துக் கட்டில் அம்மாகிட்ட சொல்லணுமே," என்றார்.

அடுத்த பரிசோதனை நாளில் டாக்டர் என் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்து, திரை நன்றாக ஒட்டியிருக்கிறது, கண்ணாடி மாற்றினால் தாள் திருத்தலாம் என்றார். வெளியே வந்தால் கூடத்தில் ரத்தினம்மா. முகத்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறேன். ரப்பர் செருப்பையும் குரலையும் வைத்துத்தான் கண்டுபிடித்தேன். அவருக்குத் திரை சரியாக ஒட்டவில்லையாம், ஓரத்தில் மறுபடி கழன்றிருக்கிறது, இன்னொரு ஆபரேஷன் இருக்கலாம் என்றிருக்கிறார்கள். சொட்டுமருந்து விட்டு, கண்ணை மூடி, முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. எனக்கே தெரியவில்லை என்றால் பாருங்கள்.

இவர் போய் அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். முன்பின் தெரியாதவரிடம் மணிகூடக் கேட்காத மனுஷன்.

"அம்மா, நான் அந்தக் கதையைத் தலைகீழாப் படிச்சுட்டேன். அந்தப் பையன் திரும்பி வந்துட்டான்."

ரத்தினம்மா கண்ணைத் திறக்கவில்லை. கையை மட்டும் நீட்டி இவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். முதலிலிருந்து சொல்லச் சொன்னார். புத்தகம் இல்லாமலே இவர் தொடங்கினார், காலி பெஞ்சிலிருந்து, தமிழும் கன்னடமுமாக. இந்த முறை முடியையும் சொன்னார். காதளவு என்றார். பனி பெய்யும் இடம் வந்ததும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். நானும் இவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டேன். இப்போது தோள்வரை என்றார்.

உள்ளேயிருந்து சிஸ்டர் ரத்தினம்மாவின் பெயரைக் கூப்பிட்டார். யாரும் எழவில்லை. வெளியே வந்து இன்னொரு முறை கூப்பிட்டார். ரத்தினம்மா கண்ணை மூடியபடியே கையை உயர்த்தினார்.

"இரு தாயி, வர்றேன். அந்தப் பய ரயில்ல வந்துக்கிட்டிருக்கான்."